போர்டிகோவில் கார் சார்ஜிங்: 15 ஆம்ப்ஸ் பிளக்கிலிருந்து 7.2 கிலோவாட் வரை ஒரு வேலைக் குறிப்பு

திருச்சியில் ஒரு தனி வீடு, த்ரீ ஃபேஸ் இணைப்பு. காரின் பேட்டரி 40 கிலோவாட் அவர், அதாவது கரண்ட் பில் கணக்கில் 40 யூனிட். காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் 7.2 கிலோவாட் வரை ஏற்கும். காரோடு வந்த 15 ஆம்ப்ஸ் போர்ட்டபிள் சார்ஜரை, போர்டிகோவில் முன்பே இருந்த பவர் பிளக்கில் செருகினால் சார்ஜ் ஏறத் தொடங்கும். முக்கால் மணி நேரத்துக்குள் சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். கழற்றி மாட்டினால் மறுபடி கொஞ்ச நேரம் ஓடும். இதே சார்ஜர் வேறு வீட்டில் இரவு முழுக்க நிற்காமல் ஓடியது. ஆக, கோளாறு காரிலும் இல்லை, சார்ஜரிலும் இல்லை. சுவருக்குள் இருக்கிறது.

வீட்டில் கார் சார்ஜ் செய்வது பற்றிக் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ஒரே வேலையில் வந்துபோயின. அதனால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறோம். போர்டைத் திறக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள வயர்மேன்தான் செய்ய வேண்டும். அளவுகளைப் படிப்பதும், எதை அளக்கச் சொல்வது என்று தெரிந்துவைத்திருப்பதும் வீட்டுக்காரர் வேலை.

எர்த் என்று நினைத்தது

சார்ஜரின் கையேட்டில் அந்தச் சிவப்பு விளக்குக்கு எர்த் கோளாறு என்று போட்டிருந்தது. பழைய எர்த் பைப்பை எர்த் டெஸ்டர் வைத்து அளந்தால் 38 ஓம். வெயில் காலம், பல வருடமாகத் தண்ணீர் ஊற்றாத குழி. 38 ஓம் மோசம்தான், அதனால் அங்கிருந்தே வேலை தொடங்கியது.

4 அங்குல ஆகரால் (மண்ணைத் துளைக்கும் கருவி) 3 மீட்டர் ஆழத்துக்குத் துளை, அதில் செம்பு பூசிய 3 மீட்டர் ராடு, சுற்றிலும் எர்த் காம்பவுண்டைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக ஊற்றி நிரப்பல். மறுநாள் அளந்தால் 9.5 ஓம். இரண்டாவது ராடை முதல் ராடிலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போட்டு, இரண்டையும் செம்புப் பட்டையால் இணைத்ததும் 5.4. ராடின் நீளம் எவ்வளவோ அவ்வளவாவது இடைவெளி வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒரே மண்ணைத்தான் பயன்படுத்தும், ஓம் பெரிதாகக் குறையாது. பழைய எர்த்தையும் இதோடு சேர்த்துக் கட்டிய பிறகு 4.8. பழையதைத் தனியாக விடக் கூடாது. காரின் உடல் ஒரு எர்த்திலும் பக்கத்து இரும்பு கேட் இன்னொரு எர்த்திலும் இருந்தால், கோளாறு நேரத்தில் இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் நிற்கும்.

எர்த் டெஸ்டரில் அளக்கும் முறையிலும் ஒரு கவனம் தேவை. கரண்ட் கம்பியை ராடிலிருந்து 20 மீட்டர் தள்ளி அடித்தால், வோல்டேஜ் கம்பியை அதே நேர்கோட்டில் ஏறத்தாழ 12.4 மீட்டரில், அதாவது 62 சதவீதத் தொலைவில் அடிக்க வேண்டும். வோல்டேஜ் கம்பியை முன்னும் பின்னும் ஒரு மீட்டர் நகர்த்தி அளந்தாலும் ஏறத்தாழ அதே எண் வந்தால்தான் அந்த அளவை நம்பலாம். சுற்றுச்சுவர் ஓரமாக 5 மீட்டர் கம்பி இழுத்து எடுக்கும் அளவு எதற்கும் உதவாது.

இவ்வளவும் செய்து சார்ஜரைச் செருகினால், முக்கால் மணி நேரத்தில் அதே சிவப்பு விளக்கு.

லோடு கொடுத்து அளந்தபோது

அதுவரை எடுத்த வோல்டேஜ் எல்லாம் சும்மா இருக்கும் பிளக்கில் எடுத்தவை. ஃபேஸ்–நியூட்ரல் 231, நியூட்ரல்–எர்த் 1.2. குறை சொல்ல ஒன்றுமில்லை. சார்ஜர் 14 ஆம்ப்ஸ் இழுத்துக்கொண்டிருக்கும்போது அளந்ததும் கதை மாறியது. பிளக்கில் ஃபேஸ்–நியூட்ரல் 217, நியூட்ரல்–எர்த் 8 வோல்ட். அதே நேரத்தில் மெயின் போர்டில் 228.

கணக்கு இப்படி. மொத்தம் 14 வோல்ட் விழுகிறது. அதில் 3 வோல்ட் மெயின் போர்டுக்கு முன்பே, சர்வீஸ் வயரிலும் தெரு லைனிலும் போகிறது. போர்டிலிருந்து போர்டிகோ வரை 24 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். அந்த வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 ஓம். போக வர 48 மீட்டருக்கு 0.38 ஓம், 14 ஆம்ப்ஸுக்கு ஐந்தரை வோல்ட். வயர் சூடாவதையும் சேர்த்து 6 என்று வையுங்கள். மீதி 5 வோல்ட் எங்கே? வயரில் இல்லாத அந்த 5 வோல்ட் ஏதோ ஜாயிண்டில்தான் விழ வேண்டும். 5 வோல்டை 14 ஆம்ப்ஸால் பெருக்கினால் 70 வாட். சுவருக்குள் மூடிக்கிடக்கும் ஜாயிண்டில் 70 வாட் சூடு மணிக்கணக்கில் என்றால், அது தீ விபத்துக்கான ஏற்பாடு.

தேடியதில் இரண்டு இடங்கள் கிடைத்தன. போர்டிகோ சீலிங்கில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ். உள்ளே நியூட்ரல் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள், டேப் உருகிக் கருகியிருந்தது. இன்னொன்று பிளக் பாயிண்ட். 6, 16 ஆம்ப்ஸ் இரண்டு பின்னுக்கும் பொதுவான காம்பி சாக்கெட். ஃபேஸ் துளையின் உள்பட்டை தளர்ந்து, சார்ஜரின் பின் பழுப்பேறியிருந்தது.

எர்த் விளக்கு எரிந்ததற்குக் காரணம் அந்த நியூட்ரல் ஜாயிண்ட். நம் ஊர் வீடுகளில் எர்த் நம் சொந்தக் குழியிலிருந்து வருகிறது, நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருகிறது. நியூட்ரல் பாதையில் எவ்வளவு வோல்டேஜ் விழுகிறதோ அது அப்படியே நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே தெரியும். பல போர்ட்டபிள் சார்ஜர்கள் இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் எர்த் சரியா என்று தீர்மானிக்கின்றன. முதலில் ஜாயிண்ட் குளிர்ந்திருக்கும், சார்ஜ் ஓடும். சூடேறச் சூடேறத் தடை கூடி, நியூட்ரல்–எர்த் வோல்டேஜ் எல்லையைத் தாண்டியதும் சார்ஜர் நிறுத்திவிடும். அது நிறுத்தியது நல்லதுதான். இந்த நிலையில் எர்த் சோதனையை ஏமாற்ற நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் சேர்த்துக் கட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது. நியூட்ரல் எங்காவது அறுந்தால் காரின் உடல் முழுக்க 230 வோல்ட் ஏறும்.

சார்ஜர் இன்னும் வராத வீட்டில்கூட இந்தச் சோதனையைச் செய்யலாம். 2000 வாட் ஹீட்டர் ஒன்றைப் பிளக்கில் ஓடவிட்டு, பக்கத்தில் வோல்டேஜ் எடுங்கள். ஏறத்தாழ 8.7 ஆம்ப்ஸ் ஓடும். சும்மா இருக்கும்போதும் ஓடும்போதும் உள்ள வித்தியாசத்தை ஒன்றரையால் பெருக்கினால், 13 ஆம்ப்ஸ் சார்ஜருக்கு எவ்வளவு விழும் என்று கிடைக்கும். 20 நிமிடம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றிப் பின்னைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் அந்த சாக்கெட்டில் காரைப் போட வேண்டாம். வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எல்லாம் விட்டுவிட்டு ஓடுபவை, அவற்றில் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் வெளியே தெரியாது. முழு கரண்டை ஆறேழு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும் பொருள் வீட்டில் கார் ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்: அதில் மெல்லிய வயரோடு கூடுதலாக இரண்டு தளர்வான ஜாயிண்ட்கள் சேர்கின்றன.

15 ஆம்ப்ஸ் போதுமா?

பலருக்குப் போதும். சின்னக் கார்கள் ஒரு யூனிட்டுக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடுகின்றன. மீட்டரில் ஓடும் யூனிட்டில் 10 முதல் 12 சதவீதம் சார்ஜிங் இழப்பாகப் போகும். தினம் 50 கிலோமீட்டர் என்றால் மீட்டரில் 8 யூனிட், 15 ஆம்ப்ஸ் சார்ஜரில் மூன்று மணி நேரம். வால் பாக்ஸ் (சுவரில் மாட்டும் சார்ஜிங் பெட்டி) வாங்கும் முன் காரின் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று பார்த்துவிடுங்கள். 2022ல் வந்த டியாகோ ஈவி போன்ற கார்கள் 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என்று இரண்டு வகையிலும் விற்பனைக்கு வந்தன. 3.3 வகைக் காருக்கு எவ்வளவு பெரிய வால் பாக்ஸ் மாட்டினாலும் 3.3தான் ஏறும், ஏனென்றால் சுவரில் இருப்பது உண்மையில் சார்ஜர் இல்லை, பாதுகாப்புள்ள ஒரு சுவிட்ச். ஏசியை டிசியாக மாற்றும் வேலை காருக்குள் நடக்கிறது.

இந்த வீட்டில் வாரத்தில் சில நாள் 140 கிலோமீட்டர் ஓட்டம் உண்டு. மீட்டரில் 23 யூனிட், 15 ஆம்ப்ஸில் ஏழு மணி நேரத்துக்கு மேல். இடையில் ஒரு மின்வெட்டு வந்தால் காலையில் சார்ஜ் பற்றாது. காரோடு 7.2 கிலோவாட் வால் பாக்ஸும் வந்து, அட்டைப் பெட்டியிலேயே கிடந்தது. அதைப் புதுச் சர்க்யூட்டில் மாட்டுவது, பக்கத்தில் போர்ட்டபிளுக்கு நல்ல 16 ஆம்ப்ஸ் சாக்கெட் ஒன்றும் வைப்பது என்று முடிவானது.

எந்த ஃபேஸ்

7.2 கிலோவாட் வால் பாக்ஸ் சிங்கிள் ஃபேஸ் சாதனம். த்ரீ ஃபேஸ் வீடாக இருந்தாலும் 32 ஆம்ப்ஸும் ஒரே ஃபேஸில்தான் உட்காரும். இரவு 10 மணிக்கு, ஏசி ஓடும் நேரத்தில், கிளாம்ப் மீட்டரால் மூன்று ஃபேஸையும் அளந்தால் ஆர் 9, ஒய் 4, பி 14 ஆம்ப்ஸ். சார்ஜருக்கு ஒய். பகலில் அளந்து முடிவெடுத்தால் இது தலைகீழாகியிருக்கும்.

நம் வீடுகளில் இருக்கும் ஃபேஸ் சேஞ்சர் இங்கே ஒரு சிக்கல். ஒரு ஃபேஸ் போனதும் வீட்டில் யாராவது அதைத் திருப்புவார்கள், அந்த லோடு மொத்தமும் கார் இருக்கும் ஃபேஸுக்கு வந்து சேரும். எனவே கார் சர்க்யூட்டை ஃபேஸ் சேஞ்சருக்குப் பின்னால் எடுக்காமல், மெயின் சுவிட்சுக்கு அடுத்து நேராக எடுத்தோம். வால் பாக்ஸின் உச்ச அளவையும் வழக்கமாக 24 ஆம்ப்ஸில் வைத்தாகிவிட்டது. 5.4 கிலோவாட், இரவுக்குத் தாராளம். சூடு கரண்டின் வர்க்கத்தில் கூடும் என்பதால் 32க்குப் பதில் 24 வைத்தால் ஜாயிண்ட் சூடு 56 சதவீதமாகக் குறைகிறது. அவசரம் இல்லாத நாளில் 32 வைக்க ஒரு காரணமும் இல்லை. இன்வெர்ட்டர் லைனில் இந்தச் சர்க்யூட் எந்த வகையிலும் சேரக் கூடாது. அனுமதிக்கப்பட்ட லோடுக்கு மேல் போனால் மின்வாரியத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

வயர்

24 மீட்டர், 32 ஆம்ப்ஸ். 6 ஸ்கொயரில் சூடான நிலையில் 6 வோல்ட் விழும், வயரிலேயே 195 வாட் போகும். 10 ஸ்கொயரில் மூன்றரை வோல்ட், 112 வாட். காகிதத்தில் 6 ஸ்கொயரும் தேறும். ஆனால் இங்கே குழாயின் எட்டு மீட்டர் மொட்டை மாடி ஓரமாக வெயிலில் போகிறது. திருச்சி மே மாத வெயிலில் அந்தக் குழாய்க்குள் இருக்கும் வயர், கார் செருகும் முன்பே சூடாக இருக்கும். 10 ஸ்கொயர் மூன்று வயர் – ஃபேஸ், நியூட்ரல், எர்த் – 32 எம்எம் குழாயில். போர்டிலிருந்து வால் பாக்ஸ் வரை நடுவே ஒரு ஜாயிண்ட்கூட இல்லை. இந்த வேலையில் விட்டுக்கொடுக்கக் கூடாத ஒன்று இதுதான்.

வயரை இழுத்து முடித்த பிறகு ஒரு தடை. வால் பாக்ஸ் டெர்மினல் 6 ஸ்கொயர் வரைதான் ஏற்கும். இந்த மாதிரி இடத்தில் சிலர் 10 ஸ்கொயரின் இழைகளில் கொஞ்சத்தை வெட்டிவிட்டு நுழைப்பார்கள். அப்படி வெட்டினால் அந்த முனை 6 ஸ்கொயரைவிட மோசமாகும். வால் பாக்ஸுக்குக் கீழே, ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அணைக்கும் 40 ஆம்ப்ஸ் டபுள் போல் ஐசொலேட்டர் உள்ள ஒரு பெட்டி வைத்து, 10 ஸ்கொயரை அங்கே முடித்து, அங்கிருந்து 40 சென்டிமீட்டர் 6 ஸ்கொயர் மேலே போகிறது. இதனால் பராமரிப்புக்கு வால் பாக்ஸைத் தனியாக அணைக்கும் வசதியும் கிடைத்தது. எல்லா முனைகளிலும் பின் லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் குழல்), சரியான கிரிம்பிங் டூலால் அழுத்தியது. கட்டிங் பிளேயரால் நசுக்கிய லக் கையால் இழுத்தாலே வந்துவிடும்.

எம்சிபியும் ஆர்சிசிபியும்

எம்சிபி என்பது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அதன் ஆம்ப்ஸ் அளவு 30 டிகிரி வெப்பத்துக்குச் சொல்லப்பட்டது. வெயிலில் நிற்கும் டிபி பாக்ஸுக்குள் (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) 32 ஆம்ப்ஸ் எம்சிபி 28, 29 ஆம்ப்ஸிலேயே விழத் தொடங்கும். அதனால் 40 ஆம்ப்ஸ், டபுள் போல், சி கர்வ் (அளவைப்போல் 5 முதல் 10 மடங்கு கரண்டில் உடனே விழும் வகை). 10 ஸ்கொயர் வயர் இதற்குத் தாங்கும்.

ஆர்சிசிபி, அதாவது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், வாங்கும்போது கடையில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது ஏசி வகை, அதன் முகப்பில் ஒற்றை அலைக் கோடு மட்டும் இருக்கும். முதலில் வந்ததும் அதுதான், திருப்பிக் கொடுக்கப்பட்டது. காருக்குள் ஏசி டிசியாக மாறும் இடத்தில் கோளாறு வந்தால் டிசி கசிவு வரலாம். அந்த டிசி, ஏசி வகை ஆர்சிசிபியின் உள் வளையத்தைக் காந்தமேற்றி மரத்துப்போகச் செய்யும். பிறகு உண்மையான கசிவு வந்தாலும் அது விழாது. குறைந்தது ஏ வகை, 30 மில்லி ஆம்ப்ஸ் வேண்டும். அலைக் கோட்டுக்குக் கீழே துண்டு துண்டான அலை ஒன்றும் முகப்பில் இருக்கும். அதோடு 6 மில்லி ஆம்ப்ஸ் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி வால் பாக்ஸுக்குள் இருக்கிறதா என்று அதன் விவரத்தாளில் பாருங்கள். இந்தப் பெட்டியில் இருந்தது. இல்லாவிட்டால் பி வகை ஆர்சிசிபி வாங்க வேண்டும், அது விலை பல மடங்கு.

எர்த் நன்றாக இருந்தால் ஆர்சிசிபி எதற்கு என்பது அடிக்கடி வரும் கேள்வி. 4.8 ஓம் எர்த்தோடு டிரான்ஸ்ஃபார்மர் பக்க எர்த் ஒரு ஓம் என்று சேர்த்தால், ஃபேஸ் வயர் நேராகக் காரின் உடலைத் தொட்டாலும் ஓடும் கரண்ட் 40 ஆம்ப்ஸ்தான். சி கர்வ் 40 ஆம்ப்ஸ் எம்சிபி உடனே விழ 200 முதல் 400 ஆம்ப்ஸ் வேண்டும். அதாவது எம்சிபி விழாது, காரின் உடலில் 190 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். பழைய 38 ஓமில் 6 ஆம்ப்ஸ்கூட ஓடாது. உயிரைக் காப்பது ஆர்சிசிபி. நல்ல எர்த் அதற்குத் துணை, இடிமின்னல் நேரத்தில் எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் தள்ளும் எஸ்பிடிக்கும் அதுதான் வடிகால்.

முதல் தடவை ஆன் செய்ததும், வால் பாக்ஸ் தன் உள் கான்டாக்டரை (மின்சாரத்தை இணைக்கும் தானியங்கி சுவிட்ச்) போட்ட நொடியில் ஆர்சிசிபி விழுந்தது. கார் இல்லாமல் 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டில் ஹீட்டர் போட்டாலும் விழுந்தது. அதனால் காரில் கசிவு என்று சந்தேகிக்கத் தேவையில்லாமல் போனது. கார் சர்க்யூட்டுக்கு எடுத்த நியூட்ரல், வீட்டின் பழைய ஆர்சிசிபிக்குப் பின்னால் இருக்கும் நியூட்ரல் பாரிலிருந்து வந்திருந்தது. புது ஆர்சிசிபியைத் தாண்டிப் போன கரண்ட் வேறு வழியில் திரும்பினால் அது கசிவாகத்தான் தெரியும். நியூட்ரலை மெயின் சுவிட்சின் வெளி முனையிலிருந்து எடுத்து, புது ஆர்சிசிபி வழியாகவே போகும்படி மாற்றியதும் சரியானது. பழைய வீடுகளில் இந்தப் பொது நியூட்ரல் மிகச் சாதாரணம், ஆர்சிசிபி மேல் பழி போட்டுக் கழற்றிவிடாதீர்கள்.

மாட்டுதல், சோதனை

தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரம், வெயிலும் சாரலும் படாத சுவர். கேபிள் 5 மீட்டர் என்பதால், காரைப் பின்னோக்கி நிறுத்தினாலும் முன்னோக்கி நிறுத்தினாலும் எட்டும் இடத்தைக் கயிறு வைத்து அளந்து குறித்தது. வயர் கீழ்ப்பக்கத்தில் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் அடைப்பான்) வழியாகத்தான் நுழைய வேண்டும். மேலே துளை போட்டால் தண்ணீர் இறங்கும். பயன்படுத்தாத துளைகளை அடைத்தே ஆக வேண்டும். நம் ஊரில் பல்லியும் எறும்பும் மின்பெட்டிக்குள் குடியேறாத வருடம் இல்லை.

ஆன் செய்யும் முன், வால் பாக்ஸையும் எஸ்பிடியையும் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் தடையை அளக்கும் கருவி) வயரைச் சோதித்தது: 100 மெகா ஓமுக்கு மேல். பிறகு சாக்கெட்டில் ஃபேஸ் வலப்பக்கம் இருக்கிறதா என்று பார்த்தது, ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன், டெஸ்டர் வைத்து 30 மில்லி ஆம்ப்ஸில் விழுகிறதா என்ற சோதனை.

காரைச் செருகி ஒரேயடியாக 32 போகாமல் 10, 16, 24, 32 என்று ஏற்றியது. வால் பாக்ஸ் காருக்கு எவ்வளவு இழுக்கலாம் என்பதை, பைலட் பின்னில் (காரும் வால் பாக்ஸும் தகவல் பேசிக்கொள்ளும் பின்) போகும் ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையின் அகலத்தால் சொல்கிறது. கார் இணைந்ததும் அந்தப் பின்னின் 12 வோல்ட் 9 ஆகும், கார் தயார் என்றதும் 6 ஆகும், அதன் பிறகே உள்ளே கான்டாக்டர் மூடி 230 வோல்ட் வரும். மழையில் சார்ஜ் போடலாமா என்ற பயத்துக்குப் பதில் இதில் இருக்கிறது: கையில் பிடித்திருக்கும் சார்ஜிங் கன்னின் பின்களில் 230 வோல்ட் மின்சாரம் இல்லை. மழையில் பயப்பட வேண்டியது, தரையில் கிடக்கும் போர்ட்டபிள் பெட்டிக்கும் மூடியில்லாத சுவர் பிளக்குக்கும்தான்.

32ல் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு: போர்டில் 228, வால் பாக்ஸில் 224.5. எதிர்பார்த்த மூன்றரை வோல்ட் அப்படியே, மிச்சம் ஒன்றுமில்லை. நியூட்ரல்–எர்த் 3 வோல்ட். இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டரில், காற்று 33 டிகிரி இருக்கும்போது ஐசொலேட்டர் முனைகள் 42, எம்சிபி 53. ஃபேஸ் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் வித்தியாசம் ஒரு டிகிரிதான். இரண்டில் ஒன்று மட்டும் 10 டிகிரி கூடுதலாக இருந்தால் அந்த ஸ்குரு தளர்வு என்று அர்த்தம். 20 சதவீதத்திலிருந்து முழுதாக ஏற ஐந்தேகால் மணி நேரம், மீட்டரில் 36 யூனிட். ஒரு வாரம் கழித்து எல்லா ஸ்குருவையும் மறுபடி இறுக்கியதில் இரண்டு முனைகள் கால் சுற்று ஏற்றன. இழை வயர் சூடேறி ஆறும்போது படியும், அதனால் இந்த இரண்டாவது இறுக்கலைத் தவிர்க்கக் கூடாது.

செலவும் பில்லும்

10 ஸ்கொயர் வயர் 75 மீட்டர் 11,250. ஆர்சிசிபி 3,400. எம்சிபி 950. பெட்டி 800, ஐசொலேட்டர் 700. குழாயும் கிளாம்பும் 2,100. இரண்டு எர்த் ராடு, காம்பவுண்டு, துளைக்கூலி சேர்த்து 9,500. எஸ்பிடி 3,200. லக், கிளாண்ட், சில்லறை 600. இரண்டு ஆள் இரண்டு நாள் கூலி 6,000. மொத்தம் 38,500 ரூபாய். 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டும் அதற்கான 20 ஆம்ப்ஸ் எம்சிபியும் தனி. காம்பி வேண்டாம், 16 ஆம்ப்ஸ் பின்னுக்கு மட்டுமானதாக வாங்குங்கள். வால் பாக்ஸும் போர்ட்டபிளும் ஒரே நேரத்தில் ஓடக் கூடாது.

மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 330 யூனிட் கூடும். வீடு ஏற்கெனவே 500 யூனிட்டில் இருந்தால் கார் அதை 830க்குத் தள்ளும். 2024 ஜூலை கட்டணப்படி 501–600க்கு 8.55, 601–800க்கு 9.65, 801–1000க்கு 10.70 ரூபாய். கார் மட்டும் 3,106 ரூபாய், கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் சொச்சம். 500ஐத் தாண்டும்போது கீழ் அடுக்குகளின் கணக்கும் மாறுவதால், அந்த எல்லையில் இருக்கும் வீடுகளில் இதைவிடச் சற்றுக் கூடும். முதல் 100 யூனிட் இலவசத்தில் காரை ஓட்டலாம் என்ற கணக்கு பொருந்தாது. கார் எப்போதும் பில்லின் உச்சி அடுக்கில்தான் ஏறும்.

பேட்டரி பற்றிய கேள்விக்கும் சுருக்கமாக: எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றுவது நல்லது, செல்களைச் சமப்படுத்தவும் மிச்ச சார்ஜைச் சரியாகக் கணிக்கவும் பேட்டரியைக் கண்காணிக்கும் பிஎம்எஸ்ஸுக்கு அது உதவும். என்எம்சி (நிக்கல்–மாங்கனீஸ்–கோபால்ட்) என்றால் அன்றாடம் 80 போதும், நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100. எதுவானாலும் 100 ஏற்றி வெயிலில் நாள்கணக்கில் நிறுத்தாதீர்கள்.

அடுத்த வீட்டில் இதே வேலை வந்தால் மாறப்போகும் விஷயங்கள் சில. முதல் நாள் முதல் வேலையாக லோடு கொடுத்து வோல்டேஜ் அளப்பது, குழி தோண்டுவது அதற்குப் பிறகு. அதே 32 எம்எம் குழாயில் இன்னும் இரண்டு வயர் போகும்படி ஒரு இழுகம்பியை விட்டுவைப்பது. பின்னால் 11 கிலோவாட் த்ரீ ஃபேஸ் கார் வந்தால் சுவரை உடைக்க வேண்டியதில்லை. டிபி பாக்ஸில் கார் சர்க்யூட்டுக்கென்று ஒரு சின்ன எனர்ஜி மீட்டர். கார் காட்டும் யூனிட்டுக்கும் சுவரில் ஓடும் யூனிட்டுக்கும் உள்ள இழப்பு மாதாமாதம் தெரியும், அது திடீரென்று கூடினால் எங்கோ ஜாயிண்ட் சூடாகிறது என்று முன்கூட்டியே பிடிக்கலாம். டிபி பாக்ஸைத் தெற்குச் சுவரிலிருந்து நிழலுக்கு நகர்த்துவது. அடுக்குமாடி பார்க்கிங்காக இருந்தால், எம்சிபியும் ஆர்சிசிபியும் மீட்டர் அறையில் அவரவர் மீட்டருக்கு அடுத்தே தொடங்க வேண்டும். பொதுமோட்டார் லைனிலிருந்து எடுக்கச் சொல்பவர்களிடம் இந்த 70 வாட் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.